சீமை மரிக்கொழுந்து

சுங்கை சிப்புட்
14 ஜூலை 2025, திங்கள் இரவு

அண்ணே,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் நான்கு பேரிடமும் காட்டாதே, பூ லோரியில் இதைக் கொண்டுவந்து தரும் சன்னாசி அண்ணனிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததைத் தண்ணீரில் நனைத்துப் போடு. கொசுவலைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இரவுக் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து அறையில் அம்மா புரளும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே கேள்விதான். நீ அனுப்பியது என்ன விதை?

ஜூன் மாதத் தொடக்கத்தில் சன்னாசி அண்ணன் கேமரன் மலையிலிருந்து அம்மாவுக்குக் கொண்டுவந்த செவந்திக் கட்டுக்குள் மூன்று விதைகள் இருந்தன. காகிதத்தில் மடித்து, "அம்மா, இது சீமை மரிக்கொழுந்து. நம் பக்கத்துச் சூட்டிலும் வளரும். வீட்டுக்குப் பின்னால் வை, யாருக்கும் விதை கொடுக்காதே" என்று எழுதியிருந்தாய். அப்பா உன்னை வீட்டை விட்டு அனுப்பிய பிறகு உன்னிடமிருந்து அம்மாவுக்கு வந்த முதல் பொருள் அது. அந்தக் காகிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஒரு விதைதான் முளைத்தது. அம்மா அதைப் பழைய ரப்பர்ப் பால் வாளியில் வைத்தாள், செம்பனை மரங்களைப் பார்த்த பக்கம், நன்றாக வெயில் விழும் இடத்தில். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. ஐந்து வாரமாக அரிசி கழுவிய தண்ணீரை நான்தான் ஊற்றுகிறேன். இலை விரிந்தபோது அம்மாவுக்கே சந்தேகம் வந்தது. "மரவள்ளி எலை மாதிரில்ல இருக்கு" என்றாள். பிறகு சீமைச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு வாரம். மண்டபத்தில் என் உயரத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தார்கள். அதே இலை. அதே விரல்கள். ஒரு செடி நட்டால்கூட ஆயுள் முழுக்க உள்ளே இருக்க நேரலாம் என்று வந்திருந்த அதிகாரி சொன்னார். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நான் அந்தப் படத்தின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று பார்த்தேன். கிளை பிரியும் இடங்களில் பூனை மீசை போல இரண்டிரண்டு வெள்ளை முடி வந்திருக்கிறது. அம்மா அதைப் பார்த்து, "பூ வைக்கப் போகுது. என் புள்ள கைராசி" என்றாள்.

நான் நினைப்பது தப்பு என்று எழுது. வெள்ளிக்கிழமை பாசார் சந்தைப் பேருந்து நிறுத்தத்தில் சன்னாசி அண்ணனிடம் வாங்கிக்கொள்கிறேன்.

தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்
17 ஜூலை 2025

தங்கச்சி தினேஸு,

முதலில் மூச்சு விடு. யாரையோ கொன்றுவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய்.

நீ நினைப்பது சரிதான். ஆனால் ஒரே ஒரு செடி. விற்பதற்கு இல்லை. ஒரு வருடமாகப் பளிங்குக் கல் பட்டறையில் பலகை தூக்குகிறேன், இடுப்பு போய்விட்டது. இரவில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூக்கம் இல்லை. தாய்லாந்து எல்லைப் பக்கம் லோரி ஓட்டுகிற ஒருவன் விதை கொடுத்தான். அந்த நாட்டில் கடையிலேயே வைத்து விற்றார்கள். இங்கே விடுதியில் ஐந்து பேர் ஓர் அறையில் இருக்கிறோம், எங்கே வைப்பேன்? நம் வீட்டுப் பின்பக்கம் செம்பனை வெட்ட வருகிறவனைத் தவிர யாரும் வருவதில்லை.

வெள்ளை முடி நிஜமாகவே வந்துவிட்டதா? எத்தனை இடத்தில்? இந்த ஜாதி மாதத்தையும் பார்க்காது, பொழுதையும் பார்க்காது. முளைத்த நாளிலிருந்து தானே நாள் எண்ணிக்கொண்டு பூக்கும். கெட்டிக்காரச் செடி. இனிமேல் தினமும் தண்ணீர் ஊற்றாதே. வாளியைத் தூக்கிப் பார், கனம் குறைந்திருந்தால் மட்டும் ஊற்று. அரிசித் தண்ணீர் வேண்டாம். சாயங்கால மழைக்குக் கூரைக்குக் கீழே இழுத்து வை, பூவில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். இலைக்கு அடியில் புழு இருக்கிறதா என்று பார்.

பயப்படாதேலா. உன் அண்ணன் இருக்கிறேன்.

விக்கி


சுங்கை சிப்புட்
21 ஜூலை 2025, திங்கள் இரவு

அண்ணே,

"உன் அண்ணன் இருக்கிறேன்" என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? எங்கே இருக்கிறாய்? நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாய். வாளி இங்கே இருக்கிறது.

நான் பயந்து போய் ஒரு கேள்வி கேட்டால், நீ எத்தனை இடத்தில் முடி வந்திருக்கிறது என்று கேட்கிறாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன். நான் சாப்பிடுகிறேனா, தூங்குகிறேனா என்று நீ கேட்கவில்லை. புழு இருக்கிறதா என்று கேட்டாய்.

போன வருடம் சாலைத் தடுப்பில் உன்னைப் பிடித்துச் சிறுநீர் சோதித்தார்களே, அன்று அப்பாவோடு போலீஸ் பாலாய்க்கு நானும் போனேன், மறந்துவிட்டாயா? ஜாகா சட்டையோடு அப்பா அந்தப் போலீஸ்காரர் முன்னால் கைகட்டி நின்றார். அவர் வயதில் அந்தப் போலீஸ்காரருக்குப் பாதிகூட இருக்காது. வீட்டுக்கு வந்து அவர் உன்னைப் போகச் சொன்னபோது நான் உன் பக்கம் பேசினேன். ஒரு முறை தவறினால் என்ன என்று கேட்டேன். அப்பா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதற்குத்தான் இந்தப் பரிசா?

இடுப்பு வலி என்றால் அரசாங்க மருத்துவமனைக்குப் போ. வரிசையில் நில். எல்லோரும் நிற்கிறார்கள்.

நீ அறியாத இன்னொன்றும் சொல்கிறேன். அம்மா அந்தச் செடியோடு பேசுகிறாள். அப்பா இருக்கும்போது உன் பெயரைச் சொல்ல முடியாது, அதனால் பின்பக்கம் போய் அதனிடம் சொல்கிறாள். சனிக்கிழமை நான் அதைப் பிடுங்கிவிடலாம் என்று தண்டில் கை வைத்தேன். அம்மா வந்துவிட்டாள். நான் புல் பிடுங்குகிறேன் என்று நினைத்து என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "என்னய்யா, இன்னிக்கு ரொம்ப வெயிலா" என்று செடியைப் பார்த்துக் கேட்டாள். என்னால் முடியவில்லை. உன் பொய்யை அவள் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள், அதைப் பிடுங்கும் பாவத்தை நீ என் தலையில் வைத்திருக்கிறாய்.

வாடை வேறு வர ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு முத்தம்மா அத்தை, வீட்டுக்கு அடியில் மூசாங் பூனை எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, என் மகன் கொடுத்த மரிக்கொழுந்து என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிடிபட்டால் யார் வாளி என்றுதான் கேட்பார்கள். அம்மாவின் வாளி. யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்பார்கள். நான்.

நீயே வந்து அம்மாவிடம் உன் வாயால் சொல். அப்பா இல்லாத இரவில் வா. அது மட்டும்தான் கேட்கிறேன்.

தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்
24 ஜூலை 2025

தினேஸு,

ரொம்பக் காரமாக எழுதுகிறாய். தேர்வில் தமிழுக்கு நல்ல மதிப்பெண் வரும்.

அம்மாவிடம் சொன்னால் உடைந்து போவாள். அது உனக்குத் தெரியாதா? சந்தோஷமாக இருக்கிறவளை ஏன் அழ வைக்க வேண்டும்? இன்னும் மூன்று வாரம், அதிகம் போனால் நான்கு. பிறகு நானே வந்து வாளியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பட்டுப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் வலி இல்லை.

வாடைக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய ரப்பர் மரங்கள் நான்கைந்து கோயில் பாதையில் இன்னும் நிற்கின்றன இல்லையா, அவற்றின் அடியில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பால் கிடக்கும். அதில் இரண்டு கை எடுத்துவந்து வாளிக்குப் பக்கத்தில் போடு. அந்த நாற்றத்துக்கு முன்னால் வேறு எதுவும் தெரியாது. யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

நுனிகளைக் கிள்ளிவிடாதே. அதுதான் முக்கியம்.

அப்பா பற்றி நீ எழுதியதைப் படித்தேன்.

விக்கி


சுங்கை சிப்புட்
4 ஆகஸ்ட் 2025, திங்கள் இரவு

அண்ணே,

போன வாரம் உனக்கு எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். கட்டிப்பாலையும் எடுத்துவந்து போட்டேன், அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது பின்பக்கம் இரண்டு நாற்றமும் சேர்ந்து அடிக்கிறது.

இதைக் கவனமாகப் படி. சனிக்கிழமை நம் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா. வழக்கம் போல அம்மன் மாலை அம்மாதான் கட்டுகிறாள். நேற்று மாலை கோயில் தலைவர் சதாசிவம் வீட்டுக்கு வந்தார். இந்த வருடம் போலீஸ் நிலையத் தலைவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கிறார்களாம், அவர் கழுத்திலும் போட ஒரு நல்ல மாலை வேண்டும் என்றார். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? வீட்டுச் செடியில் வைக்கிற முதல் பூ அம்மனுக்குத்தான், அது எங்கள் வழக்கம், என் மகன் அனுப்பிய மரிக்கொழுந்து இப்போதுதான் பூத்திருக்கிறது, அதை இரண்டு மாலையிலும் வைத்துக் கட்டித் தருகிறேன் என்றாள். சதாசிவம் சந்தோஷமாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நான் அந்த இடத்திலேயே கத்தியிருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன் பேச்சு வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பின்னால்கூட நான் போகவில்லை. அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பா முன்னால் அவள் உன்னைப் பற்றிப் பேசிவிட்டாள். அந்தப் பெருமைக்காகத்தான் அவள் அந்தப் பூவையே தருவதாகச் சொன்னாள்.

உன் கஞ்சா ஒரு போலீஸ் அதிகாரி கழுத்தில் ஏறப்போகிறது. கட்டினவள் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

வியாழக்கிழமைக்குள் வா. வராவிட்டால் நானே அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்
7 ஆகஸ்ட் 2025

தினேஸு,

வெட்ட விடாதே. இன்னும் பத்து நாள் வேண்டும். முடி பாதிகூடச் சிவக்கவில்லை என்று நினைக்கிறேன், இப்போது வெட்டினால் எல்லாம் வீண். மரிக்கொழுந்து இன்னும் முற்றவில்லை, முற்றாத பூ அம்மனுக்கு ஆகாது என்று அம்மாவிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

நேற்றிரவு வரத்தான் நினைத்தேன். பேருந்து நிலையம் வரைக்கும் போய்விட்டேன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா அன்று சொன்னது காதில் விழுந்தது, திரும்பிவிட்டேன். இன்று இரவு ஷிப்டு.

நீ இல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

விக்கி


சுங்கை சிப்புட்
8 ஆகஸ்ட் 2025, வெள்ளி இரவு

அண்ணே,

உன் கடிதத்தைப் பாசாரில் நின்றபடியே படித்தேன். பத்து நாள் வேண்டும் என்கிறாய். எனக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

நான் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். வாளியில் மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. அம்மா கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாரு, எவ்வளவு பிசினு. பால் மரமே தோத்துடும்" என்று விரல்களை விரித்துக் காட்டினாள். இரண்டு மாலையையும் சதாசிவம் ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துப் போய்விட்டாராம்.

புத்தகப் பையோடு ஓடினேன். கோயிலில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலைகள் அம்மன் படிக்குக் கீழே பித்தளைத் தட்டில் ஈரத் துணி போர்த்தி இருந்தன. துணிக்கு மேலே வாடை வந்தது. நல்ல வாசம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு நூலை விட்டுவிட்டாள், திரும்பக் கொடுங்கள், கட்டித் தருகிறோம் என்று கேட்டேன்.

சதாசிவம் சிரித்தார். "கோயில் வாசப்படி தாண்டின பூவு திரும்ப வீட்டுக்குப் போவாதுமா. உங்கம்மாவுக்கே தெரியும். நீ போயி படிக்கிற வேலையைப் பாருலா."

கெஞ்சினேன். அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் அம்மா கட்டியது என்று ஆகிவிடும். அவரே அந்த மாலையைத் தூக்கி எறிய வேண்டும் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். ஒன்றுதான் இருந்தது.

"நான் வீட்டுக்குத் தூரமா இருக்கேன். அந்த ரெண்டு மாலையையும் நான்தான் கட்டினேன்" என்றேன்.

அது பொய். நான் தூரமும் இல்லை, கட்டவும் இல்லை. ஏணியில் நின்றவர் கையில் விளக்குச் சரத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பத்துப் பதினைந்து ஆண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். சதாசிவம் கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் மாலைகளைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே லோங்காங் சாக்கடையில் போட்டார். தட்டையும் உதைத்துத் தள்ளினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், நான் நின்ற இடத்தில் இரண்டு முறை.

"பத்தொம்பது வருஷமா கட்டுறா, இப்படி ஒரு பொண்ண வளர்த்து வெச்சிருக்கா. இனிமே உங்கம்மா கலாதேவி இந்தக் கோயிலுக்குப் பூ கட்ட வேணாம்னு போயி சொல்லு. ஈப்போவுல ஆர்டர் குடுத்துக்கிறோம்" என்றார்.

இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உன் சரக்கு அம்மன் காலடி வரைக்கும் போனது. யாருக்கும் தீட்டாகத் தெரியவில்லை, வாசம் என்றார்கள். என் உடம்பைச் சொன்னதும் கழுவினார்கள். எனக்கு யார் மேல் அதிகக் கோபம் என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் அந்த வாசலுக்கு என்னை ஓட வைத்தது நீ.

லோங்காங்கில் இறங்கி மாலைகளை எடுத்தேன். திருவிழாப் பூ இறக்க வந்த சன்னாசி அண்ணன் லோரிக்குப் பக்கத்தில் நின்றார். செவந்திக்கு நடுவில் இருந்த பச்சையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அந்த விதைப் பொட்டலம் யார் லோரியில் வந்தது என்று அவருக்குப் புரிந்திருக்கும். "இப்பவே சிம்பாங் பூலாய்க்குத்தான் போறேன். ஒங்கண்ணன்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். பார்த்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

மாலைகளைப் பழைய பால் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் கல் கட்டி அமுக்கினேன். வீட்டுக்கு வந்து தண்டை வேரோடு பிடுங்கினேன். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. அம்மா பின்பக்கம் வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது இதுதான் முதல் முறை. பத்தொன்பது வருடம், பத்தொன்பது வருடம் என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். பிறகுதான் என் கையில் இருந்த தண்டைப் பார்த்தாள். "அது என் புள்ள குடுத்ததுடி" என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளியில் பார்த்த படம், உன் இடுப்பு, உன் கடிதங்கள், எல்லாம். அவள் கொஞ்ச நேரம் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தும் பிசின் போகவில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தானா?"

நீ கேட்டுக்கொண்டபடி நான் பொய் சொல்லியிருக்கலாம். அவன் ஏமாந்துவிட்டான், யாரோ கொடுத்த விதை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கன்னம் எரிந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்சுதாம்மா" என்றேன்.

அவள் வாளிப் பக்கம் போனாள். வாளியில் இருந்த மண்ணைக் கொட்டி, மணல் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த உன் காகிதத்தை அடுப்பில் போட்டாள். இப்போது முன்கூடத்தில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா காலை ஆறு மணிக்கு வருவார், கோயில் விஷயம் வழியிலேயே அவர் காதுக்கு வந்துவிடும், வந்ததும் மாலை ஏன் போனது, செடி எங்கே என்று கேட்பார். அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள்: விதையை ஈப்போவில் தானே வாங்கிவிட்டுப் பெருமைக்காக நீ அனுப்பியதாகச் சொன்னதாகவும், என்னவென்று தெரியாமல் நட்டதாகவும் அவள் சொல்லிக்கொள்வாளாம். நான் நடுவில் பேசக் கூடாதாம். நீ கொடுத்தது என்று வெளியே வரக் கூடாதாம்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயிலில் நான் பொய் சொல்லி அவள் பூவைப் பறிகொடுத்தேன். அப்பாவிடம் அவள் பொய் சொல்லி அவரையும் பறிகொடுக்க வேண்டுமா? அப்பா ஒரு முறை உனக்காகக் கைகட்டி நின்றுவிட்டார். அம்மாவும் நானும் இன்று நின்றுவிட்டோம். மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். ஆறு மணிக்கு முன்னால் வா. அப்பா முன்னால் நின்று, நான்தான் கொடுத்தேன், தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல். அவர் அடித்தால் வாங்கிக்கொள். நீ வராவிட்டால் நான் சொல்வேன், அம்மா என் வாயைப் பொத்தினாலும் சொல்வேன். அதற்குப் பிறகு உனக்குத் தங்கை என்று

கதவைத் தட்டுகிறார்கள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அப்பாவிடம் சாவி இருக்கிறது, அவர் தட்ட மாட்டார். அம்மா எழுந்து போகிறாள். விளக்கைப் போடாமலே போகிறாள்.

சன்னாசி அண்ணன் சொல்லி வந்த நீயாக இருந்தால் இந்தக் கடிதத்தை உன் கையிலேயே தருகிறேன், என் முன்னால் நின்று படி. நீ இல்லாமல் போலீஸ் என்றால்